வீடு எரிந்ததாக எழுதப்பட்டது

சமுகமளித்திருந்தோர்: பொலிஸ் அதிகாரி நீல்சன். தட்டச்சுப் பெண், பெயர் குறிக்கப்படவில்லை. விண்ணப்பதாரர் ரசாலி உஸ்மான், வயது முப்பத்தொன்று, சுமாத்திராத் தீவின் அச்சேப் பகுதி, பிளாங் தூவா என்னும் கிராமம். மொழிபெயர்ப்பாளர் நேசராஜா.

நேசராஜா நான்தான். 1986 ஜனவரி, கோப்பன்ஹேகனில் ஒரு பொலிஸ் அலுவலகம், காலை ஒன்பதரை. ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையில் இரவு வேலை ஆறு மணிக்கு முடிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அங்கே போயிருந்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக இரவுகளில் விழித்திருப்பவன் நான். பழகிய உடம்பு.

மொழிபெயர்ப்பாளன் என்பது பெரிய சொல். என் தகப்பன் மலாயாவில், தைப்பிங் ரயில் நிலையத்தில் கிளார்க். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அவர் பென்சன் எடுத்துக்கொண்டு எங்களை யாழ்ப்பாணத்து உடுவிலுக்குக் கொண்டுவந்தார். அதுவரை தெருவில் மலாய்ப் பொடியன்களோடுதான் விளையாடினேன். சண்டை பிடிக்கவும் சமாதானமாகவும் தேவையான அளவு மலாய் தெரியும். அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்தப் பாஷையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பொறியியல் படிக்கப் போனேன். மூன்றாம் வருஷத்தோடு விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னேன். எண்பத்துநாலில் டென்மார்க் வந்தேன், விசா கிடைத்தது, இஷொய் என்ற புறநகரில் ஓர் அறை கிடைத்தது, இரவு வேலை கிடைத்தது. இரவு வேலைக்காரனோடு யாரும் கதைக்க வரமாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

என்னை இதற்குள் இழுத்தவர் அல்பேட் அண்ணை. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், கிளார்க்காக இருந்தவர். இன்னும் அகதி முகாமில் இருந்தார். தன் கேஸ் முடியாமல் கிடந்தாலும் மற்றவர்களின் கேஸ்களை எழுதிக் கொடுப்பார். யார் எந்தத் திகதியில் எந்தச் சுற்றிவளைப்பில் பிடிபட்டார்கள் என்பதெல்லாம் அவருடைய கொப்பியில் ஒழுங்காக இருந்தது. பிடிபடாதவர்களும் அதில் இருந்தார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் முகாமுக்கு வரச் சொன்னார். அவருடைய அறையில் மனைவி கிருபாமலர் மின்னடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தா. அறையில் சமைக்கக் கூடாது. மணம் வெளியே போகாமலிருக்கக் கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துவாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கட்டிலின் நுனியில், மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு ஒருவன் இருந்தான். குள்ளம், அகன்ற தோள், கடன்வாங்கிய ஸ்வெட்டர்.

"நேசன், உவனோட ஒருக்காக் கதைச்சுப் பார்," என்றார் அல்பேட். "கப்பலில குசினி வேலை பார்த்தவனாம். இஞ்சை இறங்கி ஓடி வந்திட்டான். கன்ரீனில பண்டி இறைச்சி போடுறாங்களெண்டு ஒண்டும் தின்னாமல் கிடந்தவனை இவதான் கூட்டியந்தவ. மூண்டு கிழமையாச்சு. சோறெண்டாச் சிரிக்கிறான், மிச்சத்துக்கெல்லாம் தலையாட்டுறான்."

"எங்கட மனுசனுக்கு அப்பிடி ஒரு ஆள்தான் தேவை," என்றா கிருபாமலர். "மறுத்துக் கதைக்காத ஆள்."

நான் மலாயில் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்துபோய்க் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தான். பிறகு கதைக்கத் தொடங்கினான். இரண்டு மணித்தியாலம் நிறுத்தவில்லை.

அவன் தன் ஊரைப் பற்றித்தான் சொன்னான். அறுபது வீடு. கடலுக்கு ஒரு மணித்தியால நடை. மழையை நம்பிய வயல், வருஷத்துக்கு ஒரு போகம். மழை பிந்தினால் மரவள்ளியும் உப்புக்கருவாடும். காய்ச்சல் கடுமையானால் சாரத்தை மூங்கிலில் தொட்டில்போலக் கட்டி, ஆளை அதற்குள் போட்டு, பெரிய தெருவரை காவிக்கொண்டு போவார்கள். பாதி வழியில் திரும்பி வந்ததும் உண்டு. மூன்றாம் வகுப்புவரை ஒரு பள்ளிக்கூடம், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. எருமைகள் வீட்டுக்குக் கீழே நிற்கும், ஏனென்றால் வீடுகள் உயரமான தூண்களில் நிற்பவை.

அந்த வீடுகள் பெண்களுடையவை. மகள் பிறந்தால் தகப்பன் மரம் சேர்க்கத் தொடங்குவான். மகனுக்கு ஒன்றும் இல்லை. பத்து வயதானதும் பொடியன் பாயைச் சுருட்டிக்கொண்டு மெனாசா என்ற ஊர்த் தொழுகை மண்டபத்துக்குப் படுக்கப் போய்விடுவான். கலியாணம் கட்டினால் இரவில் மனைவியின் வீட்டுக்குப் போவான். மனைவி செத்தாலோ தள்ளிவிட்டாலோ திரும்பவும் மெனாசா. அறுவடை முடிந்ததும் ஆண்கள் ஊரைவிட்டுப் போவார்கள், மிளகுத் தோட்டத்துக்கு, வள்ளத்துக்கு, யாவாரத்துக்கு. நோன்புக்குத் துணிமணியோடு திரும்புவார்கள். போய்வருகிறவர்கள் என்பதால்தான் அந்த ஊரில் ஆண்களுக்கு இடம் இருந்தது.

இதை நான் தமிழில் சொன்னபோது கிருபாமலர் அகப்பையோடு திரும்பினா.

"அப்ப எங்கட ஊர்தான். வீடு பொம்பிளையின்ர, ஆம்பிளை தின்ன மட்டும் வாறது."

"நல்லாய்ச் சொன்னாய்," என்றார் அல்பேட். "நானும் சீதன வீட்டிலதான் இருந்தனான். ஒருநாளாவது எனக்கு வீடில்லையெண்டு ஆருக்கும் சொன்னனானோ?"

"நீங்கள் சொல்லாட்டி என்ன, வீட்டு உறுதியில கிடக்கிறது என்ர பேர்தானே."

ரசாலி இருவரையும் பார்த்துச் சிரித்தான். பிறகு மிச்சத்தைச் சொன்னான்.

கிளர்ச்சி வந்து அடங்கிய பிறகு பாலத்தடியில் இராணுவம் ஒரு காவலரண் போட்டது. கடிதம் இல்லாமல் எந்த ஆணும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. ஊர்த்தலைவர் எழுதி, காவலரணில் ஒப்பம் வைத்த கடிதம். அது கிடைப்பதில்லை. தங்களுக்கென்று வீடில்லாத ஆண்களை வருஷம் முழுவதும் அந்த ஊருக்குள் அடைத்து வைத்தார்கள். பகலில் மனைவி வீட்டில் இருப்பது வெட்கம். எல்லோரும் மெனாசாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். முன்பு ஒருபோதும் இல்லாத சண்டைகள் வந்தன. ஒருவன் கிணற்றில் விழுந்தான்.

ரசாலியின் மனைவிக்கு ஒரு தமையன், கிளர்ச்சிக்காரரோடு மலைக்குப் போனவன். ஆகவே ரசாலி தினமும் காலையில் காவலரணுக்குப் போய் பின்னேர அஸர் தொழுகை நேரம்வரை அங்கே ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கோப்ரல் கொப்பியில் ஏதோ எழுதுவான். பின்னேரம் அதை வாசிப்பான். இன்றைக்கு ரசாலி இன்னது சொன்னான், இன்னாரைக் கண்டதாகச் சொன்னான் என்று இருக்கும். ரசாலி அன்றைக்கு வாயே திறந்திருக்க மாட்டான். முதல் கிழமை ஒருநாள், நான் அப்படிச் சொல்லவில்லையே ஐயா என்றான். அடுத்த நாள் பொழுதுபடும்வரை வெயிலில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவன் இல்லை என்று சொன்னதே இல்லை. எழுதியிருப்பதற்கு ஆம் என்றால் வீட்டுக்குப் போகலாம். மூன்று வருஷம் இப்படி.

ஒருநாள் கடிதம் இல்லாமல் மீன்பிடி வள்ளத்தில் ஏறிப் பினாங்குக்குப் போய்விட்டான். அங்கே நான்கு வருஷம், பிறகு கப்பல், பிறகு கோப்பன்ஹேகன். கடிதமில்லாமல் போனவர்களை மலைக்குப் போனவர்களாகவே அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்படிப் போன இருவர் திரும்பி வந்தபோது பாலத்தடியில் இறக்கப்பட்டார்கள். வீட்டுக்கு வந்து சேரவில்லை. ரசாலிக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பாலத்தடிக்கு அவனை யாரும் அனுப்பக் கூடாது.

அல்பேட் கொப்பியை விரித்து வைத்திருந்தார்.

"அடிச்சவங்களோ எண்டு கேள்."

கேட்டேன். இரண்டு தரம் என்றான்.

"வீடு எரிச்சவங்களோ?"

இல்லை.

அல்பேட் பேனையை மூடினார். "உது கேஸில்லை. வாங்கில இருத்தி வைக்கிறதெல்லாம் ஒரு கேஸோ? என்னைக் கச்சேரியில பதினெட்டு வருசம் இருத்தி வைச்சவங்கள். எரிஞ்ச வீடொண்டு போடு. எரிஞ்ச வீடு நிக்கும்."

"அவன் சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன்."

"சொல்லு, சொல்லு. படிப்பைப்போல இதையும் பாதியில விட்டிடாத."

அந்த ஜனவரிக் காலையில் முதல் ஒரு மணித்தியாலம் அவன் சொன்னதையே சொன்னேன். ரசாலியின் மலாயை நான் ஆங்கிலமாக்க, நீல்சன் அதை டெனிஷில் சொல்ல, அந்தப் பெண் தட்டச்சில் அடித்தாள். நீல்சன் கெட்டவர் அல்ல. ரசாலிக்குத் தன் கையாலேயே கோப்பி வார்த்துக் கொடுத்தார். ஆனால் அவருடைய தாளில் கேள்விகள் வரிசையாக இருந்தன, அந்த வரிசையில்தான் ஒரு மனிதனுடைய வாழ்க்கையும் வர வேண்டும்.

"ஊரில் சொந்த வீடு இருக்கிறதா?"

"இல்லை," என்றான் ரசாலி.

"வாடகை வீடா?"

"இல்லை."

"எங்கே படுத்தார்?"

"மனைவியின் வீட்டில். சில நாள் மெனாசாவில்."

நீல்சன் தட்டச்சை நிறுத்தச் சொன்னார். "மனைவி இருக்கிறாள், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். ஆனால் இவருக்கு வீடில்லை, பள்ளிவாசலில் படுக்கிறார். இவர் அந்த ஊரில் வசித்தாரா, இல்லையா?"

ரசாலி மீண்டும் விளக்கினான். நான் மீண்டும் சொன்னேன். நீல்சன் நெற்றியைத் தடவினார். "வருஷத்தில் பாதி வெளியே போகிறவர், வீடும் இல்லாதவர். அப்படியானால் வேறு ஊரில் போய் இருந்திருக்கலாமே? ஏன் இங்கே வர வேண்டும்?"

சரியான பதில் இருந்தது. மகள் பிறந்ததும் மரம் சேர்க்கும் தகப்பனில் தொடங்கி, கிணற்றில் விழுந்தவன்வரை, முழு ஊரையும் அந்த மேசையில் வைக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் எடுக்கும். நீல்சன் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ரசாலி என்னைப் பார்த்தான். எனக்கு அலுப்பாக இருந்தது. அதோடு எனக்குள் ஒரு கெட்டித்தனம் எப்போதும் உண்டு, கணக்கின் நடுவழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிற கெட்டித்தனம்.

"வீடு இருந்தது," என்றேன். "இராணுவம் எரித்துவிட்டது. அதனால்தான் வீடில்லை என்கிறார்."

நீல்சனின் முகம் தெளிந்தது. தட்டச்சு ஓடியது.

"அபாங்," என்றான் ரசாலி. என்னை அண்ணன் என்றுதான் அழைப்பான். "என்ன சொன்னீர்கள்?"

"உன் ஊரைப் பற்றி."

அவன் தலையாட்டினான். கடைசியில் அறிக்கையைத் திருப்பி வாசித்துக் காட்டும்போது அந்த ஒரு வரியை மட்டும் நான் அவனுக்குச் சொல்லாமல் விட்டேன். அவன் ஒப்பமிட்டான்.

அல்பேட்டின் யோசனைதான் என் வாயில் வந்தது என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அல்பேட் அந்த அறையில் இருக்கவில்லை.

"இப்பதான் நீ தொல்க்," என்றார் அல்பேட், முகாமில் நான் நடந்ததைச் சொன்னபோது. மொழிபெயர்ப்பாளனுக்கு டெனிஷில் அப்படிச் சொல்வார்கள், முகாமில் எல்லோருக்கும் முதலில் தெரியவந்த சொல் அது.

கிருபாமலர் சிரிக்கவில்லை. "வீடு அவன்ர மனிசியின்ர எண்டு அண்டைக்கே சொன்னவன். அவளின்ர வீட்டை எரிக்க உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?"

"பேப்பரிலதானே எரிஞ்சது," என்றார் அல்பேட்.

மார்ச் மாதம் ரசாலிக்குப் பினாங்கு வழியாக ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு படம். பெருநாளுக்கு ஊருக்கு வந்த படக்காரன் எடுத்தது. படிக்கட்டில் மனைவி, அவளுக்குக் கீழே இரண்டு மகள்கள், பின்னால் தூண்களில் நிற்கும் வீடு முழுதாக. அவனுக்கு அது பெரிய சந்தோஷம். தான் இன்ன ஊர்க்காரன் என்று நிரூபிக்க ஒரு காகிதமும் இல்லாமல் வந்தவன் அல்லவா? அதைத் தானே கொண்டுபோய் முகாம் அலுவலகத்துப் பெண்ணிடம் கொடுத்து, பொலிஸுக்கு அனுப்பச் சொல்லிக் கையால் காட்டியிருக்கிறான். அவளும் அனுப்பிவிட்டாள்.

இரண்டாம் விசாரணைக்கு என்னைக் கூப்பிடவில்லை. அல்பேட் தொலைபேசியில் சொன்னார்.

"வேற தொல்க் பிடிச்சிட்டாங்களாம். யாவாவில வளர்ந்த வெள்ளைக்காரக் கிழவியாம். நாளைக்குப் பத்து மணிக்கு. நீ அந்தப் பக்கம் போகாத, நேசன். உன்ர விசாவிலயும் கை வைப்பாங்கள்."

"நான்தான் சொன்னதெண்டு சொல்லப்போறன்."

"சொல்லி? அவன்ர கேஸ் நிமிர்ந்திடுமோ? சும்மா கிட."

போனேன். வீரம் ஒன்றும் இல்லை. அந்தக் கிழமை முழுவதும் பகலில் நித்திரை வரவில்லை. பகலில் நித்திரை கொள்ளாத இரவு வேலைக்காரன் என்றைக்காவது ஒருநாள் இயந்திரத்துக்குள் கையைக் கொடுப்பான்.

நீல்சன் என்னை உள்ளே விட்டார். மேசையில் அந்தப் படம் இருந்தது, பக்கத்தில் ரசாலி ஒப்பமிட்ட அறிக்கை. கிழவி மெலிந்தவர், காது நன்றாகக் கேட்பவர், அவருடைய மலாய் என்னுடையதைவிட நேர்த்தியானது. ரசாலி சுவரோரம் நிமிர்ந்து இருந்தான். என்னைக் கண்டதும் பாதி எழும்பி, நெஞ்சில் கை வைத்துவிட்டுத் திரும்ப இருந்தான்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வீடு எரிந்ததாக இவர் சொல்லவே இல்லை. நான் சேர்த்தேன். திருப்பி வாசித்தபோதும் மறைத்தேன். இவர் சொன்னது வேறு, அங்கே வீடுகள் பெண்களுடையவை என்பதுதான்.

நீல்சன் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். "ஏன் செய்தாய்?"

"நேரம் போதாமல் இருந்தது."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு கிழவியிடம் சொல்லிக் கேட்கச் செய்தார். "இந்த மனிதர் தானே இட்டுக்கட்டியதாகச் சொல்கிறார். உண்மையா? அல்லது நீங்கள்தான் சொன்னீர்களா?"

ரசாலி என்னைப் பார்க்கவில்லை. நீல்சனையும் பார்க்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்தான்.

"எழுதியிருப்பது சரி, ஐயா."

"வீடு எரிந்தது என்று நீங்கள் சொன்னீர்கள்?"

"ஆம், ஐயா."

"வீடு எரிந்ததா?"

"இல்லை, ஐயா. படத்தில் இருக்கிறது."

"அப்படியானால் பொய் சொன்னீர்களா?"

"ஆம், ஐயா."

நான் மலாயில் குறுக்கிட்டேன். "இல்லை என்று சொல், ரசாலி. இது அந்தக் காவலரண் இல்லை. இங்கே யாரும் உன்னை வெயிலில் நிறுத்த மாட்டார்கள். இல்லை என்று ஒருமுறை சொல்."

நீல்சன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நான் இப்போது மொழிபெயர்ப்பாளன் அல்ல என்றார்.

ரசாலி என் பக்கம் குனிந்தான். பிள்ளைக்குச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னான். "அபாங், வாதாடாதீர்கள். வாதாடினால் நேரம் நீளும். ஆம் என்றால் பின்னேரத்துக்குள் விட்டுவிடுவார்கள்."

கிழவிக்கு அது கேட்டது. அதை நீல்சனுக்கு அப்படியே சொன்னார். இந்த ஆள் மரியாதைக்காகவும் பயத்துக்காகவும் ஒத்துக்கொள்கிறார், இதை ஒப்புதலாக எடுக்கக் கூடாது என்று தன் பங்குக்கும் சொன்னார். நீல்சன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேனையால் தாளைத் தட்டினார்.

"அதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? இரண்டு தரம் ஆம் என்றிருக்கிறார். முதலில் வீடு எரிந்தது என்ற அறிக்கை. இப்போது எரியவில்லை. முன்னுக்குப் பின் முரண். மேலே இருப்பவர்கள் இதற்குமேல் வாசிக்கவே மாட்டார்கள்."

"பாலம்?" என்றேன். "கடிதமில்லாமல் வெளியேறியது? அதெல்லாம் உண்மை."

"இருக்கலாம். அதையும் நீதானே மொழிபெயர்த்தாய்."

 

அவர் எழுதி முடித்தார். ரசாலி ஒப்பமிட்டான். முடிவு தெரியும்வரை முகாமுக்குத் திரும்ப முடியாது, கட்டடத்தின் பின்புறத்தில் தடுத்து வைப்பார்கள், பிறகு விமானம், அநேகமாக இரண்டு கிழமைக்குள் என்றார் நீல்சன். கிழவி அதை மலாயில் சொன்னார். சொல்லி முடித்ததும் மேலங்கியை மாட்டிக்கொண்டு யாருக்கும் விடை சொல்லாமல் போய்விட்டார்.

ரசாலி உடனே எழும்பவில்லை. "யகார்த்தாவுக்கா?" என்று என்னைக் கேட்டான்.

"ஓம்," என்று தமிழில் சொல்லி, பிறகு மலாயில் சொன்னேன்.

"அங்கிருந்து ஊருக்கு அவர்களே கொண்டுபோவார்களா?"

"தெரியாது."

"கொண்டுபோவார்கள்," என்றான்.

காவலன் ஒருவன் வந்தான், இளவயது, வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தான். பின்புறத்து ஒடுக்கமான வழியில் நாங்கள் மூவரும் நடந்தோம். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கடைசிக் கதவுக்கு முன்னால் காவலன் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை நீட்டி என்னிடம் ஆங்கிலத்தில் கதைத்தான். பெல்ட், சப்பாத்து நாடா, சட்டைப்பையில் இருப்பவை எல்லாம் இதற்குள். சொல்.

"பெல்ட், சப்பாத்து நாடா, சட்டைப்பையில் இருப்பவை எல்லாம் இதற்குள்," என்றேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் விடவில்லை.

ரசாலி குந்தியிருந்து நாடாக்களைக் கழற்றினான். முகாமில் யாரோ கொடுத்த குளிர்காலச் சப்பாத்து, நீள நாடா, இறுக்கமான முடிச்சு. நேரம் எடுத்தது. காவலன் பொறுமையாக நின்றான். நாடாக்களை விரலில் சுற்றி ஒழுங்காகப் பெட்டிக்குள் வைத்தான் ரசாலி. பெல்ட்டை வைத்தான். ஒரு சீப்பை வைத்தான். பிறகு ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"கிருபாமலர் அக்காவிடம் சொல்லுங்கள், இன்றைக்கு எனக்குச் சோறு வைக்க வேண்டாம்."

"சொல்கிறேன்."

வாய் பிளந்த சப்பாத்துகளை இழுத்து இழுத்து உள்ளே போனான். காவலன் கதவைச் சாத்திப் பூட்டினான்.